ஒரு கண்ணாடி வில்லையின் பயணம்

கடற்கரை மணலில் மின்னுகிற சிலிக்காதான் அதன் பூர்வீகம். உருக்கி, படிகமாக அடுக்குச் சேரவிடாமல் குளிர்வித்ததில் கண்ணாடியாகி, சிறு வில்லையாக வெட்டுப்பட்டது. உள்ளே ஒவ்வொரு சிலிக்கான் அணுவைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள். ஆனால் அந்தக் கூட்டங்களுக்கிடையே வரிசை என்பதே கிடையாது.

சிகாகோவை அடுத்த ஆர்கோன் தேசிய ஆய்வகத்துக்கு அது போவது அடிபடத்தான். அங்கே ஒரு துப்பாக்கியின் எதிரே அதைப் பொருத்துகிறார்கள். வெடிமருந்து எரிந்து உந்துதண்டைத் தள்ளும். தண்டு இலேசான வாயுவை இறுக்கும். நடுத்தகடு தாங்காமல் கிழிந்ததும் குண்டு விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் பாயும்.

மோதியதும் அதிர்வலை வில்லைக்குள் ஓடி முடிய ஒரு மைக்ரோவிநாடிகூட ஆகாது. அதற்குள் படம் பிடித்தாக வேண்டும். பக்கத்தில் 1,104 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் 2023 வரை எலெக்ட்ரான்கள் 24 கொத்துகளாகச் சுற்றி வந்தன. 153 நானோவிநாடிக்கு ஒரு கொத்து கடக்கும்போதெல்லாம் ஓர் எக்ஸ் கதிர்ப் பளிச்சிடல். அந்தப் பளிச்சிடல் நீடித்தது சுமார் 100 பிக்கோவிநாடிதான். மோதலும் வெளிச்சமும் அங்கே சந்திப்பதை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இத்தனை பாடு எதற்கு? அடிபட்ட சிலிக்கா அடர்த்தியாகிறது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். அதிர்வலை சார்ந்த வேகங்களை அளந்தே அதைக் கணக்கிட்டுவிட்டார்கள். அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டன என்பதுதான் வழக்கு. படிகம் என்றது ஒரு தரப்பு, நெருக்குண்ட கண்ணாடிதான் என்றது இன்னொன்று.

2018இல் சாலி ட்ரேசி, ஸ்டெஃபான் டர்னோர், தாமஸ் டஃபி மூவரும் ஆர்கோனில் நடத்தி வெளியிட்ட ஆய்வு வழக்கைப் பெருமளவு தீர்த்தது. 34 கிகாபாஸ்கல் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல மூன்று லட்சம் மடங்கைத் தாண்டியும்கூட, எக்ஸ் கதிர்ப் படத்தில், வரிசையின்மையைக் காட்டும் மங்கலான பட்டைதான். வில்லை இன்னும் கண்ணாடியே. அதற்கும் மேலே போனதும் படிகத்தின் அடையாளமான கூர்மையான வளையங்கள் எழுந்தன. ஸ்டிஷோவைட் என்ற அடர்ந்த சிலிக்காப் படிகம்! ஒரு சிலிக்கானுக்கு ஆறு ஆக்சிஜன். சில நூறு நானோவிநாடிக்குள் 5 முதல் 30 நானோமீட்டர் வரையிலான படிகமணிகள் முளைத்துவிட்டன.

1961இல் ரஷ்யாவின் செர்கேய் ஸ்டிஷோவ் ஆய்வகத்தில் உருவாக்கியதால் வந்த பெயர் அது. மறு ஆண்டே அரிசோனாவின் விண்கல் பள்ளத்துப் பாறையில் அதே படிகம் அகப்பட்டது. சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல்லின் ஒரே அடியில் பிறந்து, அங்கேயே தங்கிவிட்ட படிகம்.

ஆர்கோனின் வில்லைக்கு அந்த ஆயுள் இல்லை. வளையங்கள் பதிவான கையோடு, அது மோதல் நடந்த கலத்துக்குள் சிதறித் தூளாகிவிடுகிறது.