வெள்ளை உடுத்திய கணக்குப்பிள்ளை

1987இல் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தேன். ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' எங்களுக்குப் பாடம். வகுப்பில் சேரியிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர். கடைசி பெஞ்சு எங்களுடையது. பேராசிரியர் நன்றாகவே நடத்துவார். "மனுஷனுக்குள்ள ஒரு மிருகம் தூங்குது. சட்டம், போலீஸ், பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பானோங்கிற பயம், இதெல்லாம் இருக்கிற வரைக்கும் அது எழுந்திரிக்காது. காட்டுக்குள்ள போனா எழுந்துக்கும். குர்ட்ஸ் கதை அதுதான்" என்றார். அடுத்து கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' (1954) வந்தது. ஆளில்லாத் தீவில் சிக்கிய ஆங்கிலேயப் பள்ளிச் சிறுவர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். அதற்கும் அதே விளக்கம்தான். நாகரிகம் மேல்தோல், உரித்தால் உள்ளே காட்டுமிராண்டி.

நானும் பரீட்சையில் அதையே எழுதினேன். மார்க் வந்தது. உறுத்தல் மட்டும் போகவில்லை. எங்க ஊரில் சட்டம் இருந்தது, போலீஸ் இருந்தது, கோயில் இருந்தது. ஊரே பார்த்துக்கொண்டும் இருந்தது. அப்படியிருந்தும் பண்ணையாளாக இருந்த எங்க தாத்தாவைக் களத்தில் கட்டிவைத்து அடித்தார்கள், சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். எந்தக் காட்டுக்குள் போய் இவர்கள் நாகரிகத்தைத் தொலைத்தார்கள்?

பல வருஷம் கழித்து கான்ராடை மறுபடி எடுத்தேன். கதை இதுதான். மார்லோ என்கிற மாலுமி, கம்பெனி வேலையாக ஆப்பிரிக்க நதி ஒன்றில் நீராவிப் படகை ஓட்டிக்கொண்டு போகிறான். தந்தம் சேர்க்கும் ஏஜெண்டான குர்ட்ஸை அழைத்துவர வேண்டும். குர்ட்ஸ் படித்தவன், பேச்சாளி, ஒளி கொடுக்கப் போனவன். மார்லோ போய்ப் பார்க்கும்போது அவன் வீட்டு முன்னால் கம்பங்களில் மனிதத் தலைகள்.

வகுப்பில் குர்ட்ஸைப் பற்றியே பேசினோம். அவனுக்கு முன்னால் வருகிற இன்னொருவனை யாரும் கவனிக்கவில்லை. கம்பெனியின் தலைமைக் கணக்கன் அவன். கஞ்சி போட்ட காலர், பளிச்சென்ற வெள்ளை உடுப்பு, வாரிய தலை. பக்கத்து மரநிழலில், வேலை வாங்கித் தீர்த்துவிட்ட கறுப்புத் தொழிலாளர்கள் சாகக் கிடக்கிறார்கள். இவன் பேரேட்டில் ஒரு பிழை கிடையாது. அறையில் ஒரு நோயாளி முனகினால்கூட கணக்கில் கவனம் சிதறுகிறதே என்று எரிச்சல்படுகிறான். அந்த வெள்ளை உடுப்பைத் துவைத்துக் கொடுப்பது ஓர் ஆப்பிரிக்கப் பெண். அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்று அவனே சொல்கிறான்.

இவன் எதையும் தொலைக்கவில்லை. நாகரிகம் முழுசாக அவனிடம் இருக்கிறது. எனக்குக் குர்ட்ஸைவிட இவனைக் கண்டுதான் பயம் வந்தது. கோல்டிங்கின் நாவலிலும் கடைசியில் சிறுவர்களை மீட்க வருகிறவர் போர்க்கப்பல் அதிகாரி. இடுப்பில் துப்பாக்கி. அவர் எந்த வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று நாங்கள் கேட்கவேயில்லை.

கான்ராட் கற்பனையில் மட்டும் எழுதியதல்ல இது. 1890இல் அவரே காங்கோ நதியில் கப்பல் வேலைக்குப் போனவர். கதை 1899இல் பத்திரிகையில் வந்தது, 1902இல் புத்தகமானது. அப்போது காங்கோ பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து. 1884-85இல் பெர்லினில் கூடிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிடும் விதிகளைப் பேசி முடித்தன. அதையொட்டி 1885இல் லியோபோல்டின் ஆட்சி வந்தது. அவர் சொன்ன காரணம், அடிமை வியாபாரத்தை ஒழிப்பது, நாகரிகத்தைப் பரப்புவது. சாகும்வரை அவர் அந்த மண்ணில் கால் வைத்ததில்லை.

முதலில் தந்தம். பிறகு ரப்பர். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியபின் ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. காட்டுக்கொடியில் பால் எடுக்க ஆண்கள் போக வேண்டும். அவர்கள் திரும்பும்வரை மனைவி, பிள்ளைகள் பிணை. சொன்ன அளவு வராவிட்டால் அடி, துப்பாக்கிச் சூடு. சிப்பாய் தோட்டாவை வேட்டைக்கு வீணாக்கினானா என்று அதிகாரிக்குச் சந்தேகம். அதற்காகச் செலவான தோட்டாவுக்கு வெட்டிய வலது கை ஒன்றைக் காட்டு என்றார்கள். கணக்குக் குறைந்தால் உயிரோடிருந்தவர்களின் கையையும் வெட்டினார்கள். அழுகாமலிருக்கப் புகைபோட்டு, கூடையில் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்தார்கள். மிருகம் எதுவும் தோட்டாவுக்கு வரவு செலவு பார்க்காது. இது ஆபீஸ் புத்தி.

கான்ராட் போன அதே 1890இல் இன்னொருவரும் காங்கோவுக்குப் போனார். ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ், அமெரிக்கக் கறுப்பர். பையனாக உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர், பிறகு போதகர், வரலாற்றாசிரியர். தாம் கண்டதையும் ஆப்பிரிக்கர்கள் வாயால் கேட்டதையும் வைத்து லியோபோல்டுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். மறுவருஷம் 41 வயதில் இறந்துபோனார். அவர் பெயரை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. கான்ராடின் கதையிலோ ஆப்பிரிக்கர்கள் ஏறக்குறைய பேசுவதேயில்லை. வெள்ளைக்காரன் மனம் கெட்டுப்போவதற்கான பின்னணித் திரை ஆகிவிடுகிறார்கள். 1975இல் சினுவா அச்செபே ஓர் உரையில் இதை முகத்துக்கு நேராகச் சொன்னார், கான்ராடை இனவெறியர் என்றார். எனக்கு இரண்டும் வேண்டும். அச்செபேயின் கோபம் நியாயம். கான்ராட் காட்டிய அந்தக் கணக்கனையும் நான் விட மாட்டேன்.

கடைசியில் ரகசியத்தை உடைத்ததில் கணக்குப் பார்க்கிற ஒருவருக்கும் பெரும் பங்கு உண்டு. லிவர்பூல் கப்பல் கம்பெனி குமாஸ்தா இ.டி. மோரல். காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் குவிகின்றன, திரும்பிப் போகும் கப்பலில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும் போகின்றன. விலை கொடுக்காமல் சரக்கு வருகிறதென்றால் அது அடிமை உழைப்புதான் என்று கண்டுகொண்டார். வேலையை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். 1904இல் காங்கோ சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1908இல் லியோபோல்ட் காங்கோவை பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஒப்படைக்கும் முன் பிரஸ்ஸல்ஸில் ஆவணங்களை எட்டு நாள் எரித்தார்கள்.

இதை நான் ஏன் நம்ம பத்திரிகையில் எழுதுகிறேன்?

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் குற்றம். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலக்காரர்கள், வசதியானவர்கள், அவர்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது தீர்ப்பு. பெரிய மனுஷன் செய்யமாட்டான் என்பதற்கு அவன் பெரிய மனுஷன் என்பதே சாட்சி. நாகரிகத்தை நாம் வெறும் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்று கோர்ட்டில் அது குற்றவாளிக்குக் கேடயமாக நின்றது.

அதனால்தான் 'மனித இயல்பே இப்படித்தான்' என்கிற பேச்சு எனக்கு ஆகாது. எல்லாருக்குள்ளும் மிருகம் என்றால் அடித்தவனும் அடிபட்டவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். கூலி, நிலம், சாதி எதையும் பேச வேண்டியதில்லை.

எங்க ஆயாவிடம் ஒருநாள் கேட்டேன். "தாத்தாவ அடிச்சவங்க ரொம்பக் கோவக்காரங்களா ஆயா?"

ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னது: "கோவமா? கோவத்துல அடிச்சா ஒருநாள்ல தீந்துருமேடா தம்பி. கணக்குப்புள்ள வெள்ளவேட்டிய மடிச்சி உக்காந்து நோட்டப் பாப்பாரு. கடன் இவ்வளவு, வேல இத்தன நாளு வல்லன்னு வாசிப்பாரு. அதுக்குத் தக்கன அடி. நோட்டுல இருக்கறதுக்கு மேல ஒரு அடி உழாது. அவ்ளோ நேர்மையான மனுஷன்."

அந்த நோட்டு இன்று இல்லை. அந்தப் பண்ணை வீட்டையே இடித்துவிட்டார்கள். பிரஸ்ஸல்ஸிலும் எரித்துவிட்டார்கள். ஆனால் வில்லியம்ஸ் செய்த வேலை நம்மாலும் முடியும். படிக்கிற பிள்ளைகள் குர்ட்ஸைப் பற்றிப் பரீட்சையில் எழுதுங்கள், மார்க் வாங்குங்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். எங்க ஆயா செத்து இருபது வருஷம் ஆகிறது. நான் கேட்டது அந்த ஒருநாள்தான்.