கடல் கடத்தப்பட்ட பெண்கள்



அந்தமான் என்றதும் நமக்கு நினைவு வருவது 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை. ஆனால் 1858 மார்ச்சிலேயே முதல் கைதிகள் போர்ட் பிளேரில் இறக்கப்பட்டுவிட்டார்கள். பின்னர் பெண் கைதிகளும் போனார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

ஆங்கில அரசு இந்தத் தண்டனையை முன்பே தன் நாட்டு ஏழைப் பெண்களுக்கும் கொடுத்தது. 1788 தொடங்கி சுமார் 25,000 பெண்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் சிறு திருட்டுகளில் சிக்கியவர்கள். பலர் வீட்டு வேலைக்காரிகள். சிட்னிக்கு அருகே பரமட்டாவில் இருந்த பெண்கள் தொழிற்கூடத்தில் அவர்கள் நூல் நூற்றார்கள். மனைவி தேடி வந்த ஆண்கள் முன்னால் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள்.

அந்தமானிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். சில ஆண்டுகள் பெண்கள் சிறையில் உழைப்பு. பிறகு, நன்னடத்தைச் சலுகை பெற்ற ஆண் கைதியை மணந்துகொள்ள அனுமதி. அரசுக்கு வேண்டியது நிலைத்த குடியேற்றம். அதற்குப் பெண் தேவைப்பட்டாள்.

இவர்கள் செய்த குற்றம் என்ன? கணிசமானோர் பெற்ற குழந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்கள். பூனாவில் காசிபாய் என்ற இளம் பிராமண விதவையை ஒரு சாஸ்திரி கர்ப்பமாக்கிக் கைவிட்டார். ஊருக்குப் பயந்து குழந்தையைக் கொன்ற அவளுக்கு அந்தமானில் ஆயுள் தண்டனை. சாஸ்திரிக்கு ஒன்றுமில்லை. சட்டம் அவளைக் கடல் கடத்தியது. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் விதவைகள் அச்சமின்றிப் பிள்ளை பெற 1863இல் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார்கள். அப்படி ஒரு விதவை பெற்ற பிள்ளையை 1874இல் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். 1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற விதவைக்கு இதே குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு குறைக்கப்பட்டது. அந்த வழக்கைக் கண்டு கொதித்துத்தான் தாராபாய் ஷிண்டே 1882இல் ஆண்களைக் கேள்வி கேட்டு நூல் எழுதினார்.

கட்டாய விதவைக்கோலம், உடன்கட்டை, குழந்தை மணம் ஆகிய மூன்றையும் கொண்டே அகமணம் காக்கப்பட்டது என்று அம்பேத்கர் 1916இல் காட்டினார். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், காசிபாய் சாதியின் கைதி. பிறகுதான் அரசின் கைதி. வேலிக்காகப் பிராமணப் பெண்ணையே பலியிட்ட சாதி, வேலி தாண்டி மணப்பவர்களை இன்றும் வெட்டிச் சாய்க்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தமானில் அந்தக் கைதிகளுக்குப் பிறந்த தலைமுறையினரிடம் சாதிக் கட்டு வெகுவாகத் தளர்ந்தது. ஆனால் அந்தத் தளர்வுக்கு விலை கொடுத்த பெண்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. சாதி ஒழிந்தால் மட்டும் போதாது. பெண்ணின் விருப்பத்தோடு ஒழிய வேண்டும்.

நம் புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானமாக இருந்த ஊர். அக்காலத்து வழக்குகளைப் படிக்கப்போகும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குற்றவாளிக் கூண்டில் பெண் நிற்கும் ஒவ்வொரு வழக்கிலும், அந்தக் கூண்டுக்கு வராமல் போன ஆண் யார் என்று கேளுங்கள்.