கீரையிலிருந்து மாத்திரை வரை



ஏனாத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரட்டைக் குழந்தை என்று ஸ்கேனில் தெரிந்தது. ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்றார் நர்ஸ். "நாங்கல்லாம் மாத்திரை முழுங்கியா பெத்தோம்? கீரை, பயறு சாப்பிட்டா போதாதா?" என்றார் அவர் பாட்டி. பாட்டி சொன்னது பாதி உண்மை. மீதியைத் தேடியபோது கிடைத்த வரலாறு இது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகள் பலருக்குக் கடுமையான ரத்தசோகை. கிருமி காரணமல்ல, சாப்பாட்டில்தான் குறை என்று கண்டார். பிறகு குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் நாம் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். 1931-ல் அதை வெளியிட்டார்.

ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருள் எது? 1941-ல் அமெரிக்காவில் பசலைக்கீரை வகை ஒன்றிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, 'இலை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். பாட்டியின் கீரைதான்! 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ரத்தத்துக்கான மருந்து மூளைக்கும் தேவை என்பது பின்னர்தான் உறுதியானது. முன்பு நரம்புக்குழல் குறைபாடுள்ள கருவைச் சுமந்த பெண்களிடம், 7 நாடுகளில் 33 மையங்களில் ஒரு சோதனை நடந்தது. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அக்குறைபாடு மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்ததாக 1991-ல் முடிவு வெளியானது.

மூளையும் தண்டுவடமும் உருவாகும் அந்தக் குழல், கரு உண்டான சுமார் 28 நாளில் மூடிவிடும். அப்போது பலருக்குக் கர்ப்பம் என்றே தெரியாது; இரட்டையா என்று எப்படித் தெரியும்? இரண்டு உயிர் வளர்வதால் அதன்பிறகும் தாய்க்கு ஃபோலேட் கூடுதலாகத் தேவை. கீரையைக் கொதிக்க வைத்தாலோ அதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். அதுவும் கருத்தரிக்கும் முன்பிருந்தே.

பள்ளியில் வாரம் ஒருமுறை தந்த நீல மாத்திரை ஞாபகம் இருக்கிறதா? அதிலும் இதே ஃபோலிக் அமிலம்தான். நானும் ஜன்னல் வழியே எறிந்திருக்கிறேன். இந்த வரலாறு அன்றே தெரிந்திருந்தால் எறிந்திருக்க மாட்டேன்.