தோற்கும் தேடலைக் காட்டுவோம்: பப்மெட் பயிற்சிக் காணொளிகளை முன்வைத்து

நூலகங்கள் தயாரிக்கும் தரவுத்தளப் பயிற்சிக் காணொளிகளில் பல ஒரே வார்ப்பில் அமைகின்றன. முகப்புத் திரை வருகிறது; தேடல் பெட்டி, வடிகட்டிகள், பதிவிறக்கப் பொத்தான் என ஒவ்வொன்றையும் அம்புக்குறி தொட்டுச் செல்கிறது. பார்த்து முடித்தவருக்குப் பொத்தான்கள் பழகிவிடும், தேடத் தெரிந்துவிடாது. எந்தச் சொல்லைக் கொடுத்தால் எது கிடைக்கும், கிடைக்காமற்போனால் அதற்குக் காரணம் என்ன என்று துருவிப் பார்ப்பதுதான் தேடல். தோற்றுப்போகும் ஒரு தேடலைத் திரையிலேயே நடத்திக் காட்டுவதுதான் அதைக் கற்பிக்கச் சிறந்த வழி என்பது என் வாதம்.

பப்மெட்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1996இல் தொடங்கிய இத்தளத்தில் இன்று 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. 1960இல் முதலில் வெளிவந்த 'மெஷ்' என்னும் மருத்துவப் பொருள்தலைப்புத் தொகுதி இதற்கு முதுகெலும்பு. 'ஹார்ட் அட்டாக்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், பப்மெட் அதை 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற மெஷ் தலைப்போடு தானாகவே பொருத்தி, அத்தலைப்பின்கீழ் உள்ள கட்டுரைகளையும் சேர்த்துத் தருகிறது. அதே இரு சொற்களை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டால் இந்தப் பொருத்தம் நின்றுவிடும். அச்சொற்றொடர் அப்படியே இடம்பெறும் குறிப்புகள் மட்டுமே மிஞ்சும். கூகுளில் மேற்கோள்குறி இட்டுப் பழகிய மாணவர், தேடலைக் கூர்மையாக்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு, தமக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறார். பிழைச் செய்தி எதுவும் தோன்றுவதில்லை. ஆயிரக்கணக்கில் முடிவுகள் வரத்தான் செய்கின்றன; விடுபட்டவை எவை என்று ஐயுற அவருக்குக் காரணமே இல்லை.

அச்சிட்ட கையேட்டைக் காணொளி விஞ்சும் இடம் இதுதான். இரு தேடல்களையும் அடுத்தடுத்து நடத்தி, முடிவுகளின் எண்ணிக்கை சரிவதைக் கண்ணெதிரே காட்டலாம். பிறகு மேம்பட்ட தேடல் பக்கத்திலுள்ள தேடல் வரலாற்றில் 'டீடெய்ல்ஸ்' பகுதியை விரித்தால், நாம் தட்டிய சொல்லைத் தளம் எப்படி எடுத்துக்கொண்டது என்பது முழுமையாகத் தெரியும். நூலகர் அங்கே நிறுத்தி, "ஏன் குறைந்தது?" என்று கேட்டுவிட்டுச் சில நொடி பேசாமலிருக்க வேண்டும். படத்தொகுப்பில் அந்த மௌனத்தை வெட்டிவிடக் கூடாது. பார்ப்பவர் யோசிப்பது அப்போதுதான்.

தோல்வியைக் காட்டுவது பார்ப்பவரின் நேரத்தை வீணடிக்கும் என்று சிலர் மறுக்கக்கூடும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஆனால் காணொளியில் மிச்சமாகும் இரண்டு நிமிடம் அந்த விதியின் கணக்கில் சிறு தொகையே. முக்கியமான ஆய்வுகளைத் தவறவிட்டுவிட்டு, நெறியாளர் சுட்டிக்காட்டிய பிறகு இலக்கிய மீளாய்வை முதலிலிருந்து எழுதும் ஆய்வு மாணவர் இழப்பது வாரங்களை.

நீளம் குறித்தும் ஒரு சொல். 2014இல் பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் இணைய வகுப்புகளின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து, காணொளி எவ்வளவு நீண்டாலும் பார்ப்போரின் ஈடுபாட்டு நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டனர். தளம் முழுவதையும் ஆறு நிமிடத்துக்குள் திணிக்க இது அனுமதி ஆகாது. ஒரு காணொளிக்கு ஒரு சிக்கல் போதும். மேற்கோள்குறிக்கு ஒன்று, மெஷ் தலைப்பு இடப்படாத குறிப்புகள் விடுபட்டுப்போவதற்கு இன்னொன்று.

மொழியில் கூடுதல் கவனம் தேவை. படம், பேச்சு, அதே பேச்சின் எழுத்து ஆகிய மூன்றும் ஒருசேர வந்தால் கற்றல் தளரும் என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் கொள்கைகளுள் ஒன்று. தமிழ்வழியில் படித்துச் செவிலியர் கல்லூரிக்கு வந்த மாணவி பார்க்கும் ஆங்கிலக் காணொளிக்கு இதை அப்படியே பொருத்துவது சரியன்று. காதில் பிடிபடாத சொல்லை அவர் எழுத்தில் கண்டாக வேண்டும். விளக்கம் தமிழிலும், தேடுசொல் மட்டும் திரையில் ஆங்கிலத்திலுமாக அமைத்தால் இந்தச் சிக்கலே எழாது.

2020இல் பப்மெட்டின் தோற்றம் மாறியபோது, பழைய திரையை நம்பி எடுத்த காணொளிகள் பழசாகிப்போயின. சொற்பொருத்தம் பற்றிய விளக்கமோ இன்றும் செல்லும். விளக்கத்தையும் திரைப்பதிவையும் தனித்தனியாக எடுத்து வைத்தால், மாறிய பகுதியை மட்டும் புதுப்பிக்கலாம்.

இத்தனைக்கும் பலன் உண்டா என்பதைப் பார்வை எண்ணிக்கை சொல்லாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே ஆய்வு வினாவைத் தந்து, மாணவரின் தேடல் வரலாற்றை வாங்கிப் படிக்க வேண்டும். மேற்கோள்குறியை எடுத்துவிட்டு மறுபடி தேடிப் பார்த்தாரா, மெஷ் தலைப்போடு சாதாரணச் சொல்லையும் சேர்த்தாரா என்பதெல்லாம் அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கும்.