மீஸான் கல்லில் பெயர் இல்லாதவர்கள்: 1935இல் கேகாலையின் காய்ச்சல் கணக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் இது நம்ம மாவட்டத்தின் கதை. ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு 1930களின் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தோம். 1934-35 மலேரியாவில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள் என்று சொன்னதும், பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், அத யாரு எண்ணுனது?"

லயத்திலிருந்து வருகிற பிள்ளை. வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம், இந்தக் கேள்வியை நாங்களே கேட்டதில்லை.

யோசித்துப் பாருங்கள். நம்ம மையவாடிகளில் மீஸான் கல் இருக்கும். பழைய கற்களில் பெரும்பாலும் பெயரும் இருக்காது, வருடமும் இருக்காது. தோட்டத்து மயானத்தில் பல குழிகளுக்குக் கல்லே கிடையாது. மழை இரண்டு பெய்தால் மேடு கரைந்துவிடும். அப்படியென்றால் 1935இல் காய்ச்சலில் போன ஒரு குழந்தைக்கு இன்றைக்கு மிஞ்சியிருக்கிற ஒரே அடையாளம், பதிவாளரின் புத்தகத்தில் இருக்கும் ஒரு வரிதான். அந்த வரி எப்படி வந்தது, அது எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

மரணத்தை எண்ணப் பழகிய கதை

இங்கிலாந்தில் 1837இல்தான் பிறப்பு, இறப்பை அரசாங்கம் முறையாகப் பதியத் தொடங்கியது. அது விக்டோரியா மகாராணி பதவிக்கு வந்த வருடம். ஆலைகளுக்கு வேலை தேடி வந்த சனம் லிவர்பூல், மான்செஸ்டர் போன்ற நகரங்களில் சாக்கடைக்கும் நிலவறைக்கும் நடுவில் நெரிசலாக வாழ்ந்த காலம்.

எட்வின் சாட்விக் என்பவர் 1842இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். லிவர்பூலில் இறந்த தொழிலாளர் குடும்பத்தவரின் சராசரி வயது 15. அதே நகரத்துக் கனவான்களுக்கு 35. ஆனால் ரட்லண்ட் என்ற கிராமப் பகுதியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கே 38. அதாவது நகரத்துப் பணக்காரனை விடக் கிராமத்து ஏழை கூடுதலாக வாழ்ந்தான். பிள்ளைகளுக்கு இதில் ஒரு விளக்கமும் சொன்னோம். சராசரி 15 என்றால் எல்லோரும் பதினைந்தில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. தொட்டில் பிள்ளைகள் அவ்வளவு பேர் செத்ததால்தான் சராசரி அப்படிக் கீழே இறங்கியது.

வில்லியம் ஃபார் என்பவர் அங்கே பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். வழமையான காலத்தில் இத்தனை பேர் இறப்பார்கள், இந்த முறை இத்தனை பேர் இறந்திருக்கிறார்கள், மேலதிகமானதுதான் நோய் கொண்டுபோன கணக்கு என்று பார்த்தவர். 1847இல் இலண்டனில் பரவிய இன்புளுவென்சாவை அவர் அப்படித்தான் அளந்தார். 1848இல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டமும் ஓர் எண்ணைக் கோடாகக் கீறியது. ஆயிரம் பேருக்கு வருடம் 23 மரணத்துக்கு மேல் போகும் ஊரில், ஊரார் கேட்காவிட்டாலும் சுகாதாரச் சபை அமைக்கலாம்.

இந்த 23ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872இல் தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் லயத்துக்கு மருந்து வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அன்றிலிருந்து கணக்கு என்று ஒன்று இருந்தது.

ஆறு வற்றிய வருடம்

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. மஹா ஓயா, களனி கங்கை, அவற்றின் கிளையாறுகள் எல்லாம் ஓட்டம் நின்று, மணலுக்கும் கல்லுக்கும் இடையில் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் கியூலிசிஃபேசீஸ் என்ற நுளம்புக்கு அழுக்குத் தண்ணீர் வேண்டாம். வெயில் படுகிற, ஓடாத, தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். அதனால் வரண்ட பிரதேசத்துக்கு மழை கூடினால் ஆபத்து. நம்ம ஈரப் பிரதேசத்துக்கு மழை குறைந்தால் ஆபத்து. ஆறு நிரம்பி ஓடினால் முட்டைகளை அடித்துக்கொண்டு போகும். ஆறு வற்றினால் ஆற்றுப் படுக்கையே நுளம்புப் பண்ணை.

ஒக்டோபர், நவம்பரில் காய்ச்சல் வெடித்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் உச்சம். மிக மோசமாக அடிபட்டவை கேகாலையும் குருணாகலும்.

ஏன் நம்ம மாவட்டம்? அதற்கு முன்பு கேகாலை மலேரியாவுக்குப் பேர் போன இடம் அல்ல. அந்தக் காலத்தில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்ப்பார்கள். அடிக்கடி மலேரியா வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். வரண்ட பிரதேசத்துப் பாடசாலைகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய. நம்ம பக்கம் குறைவு. பார்க்க நல்ல எண்தான். ஆனால் அந்த நல்ல எண்ணுக்குள்தான் ஆபத்து இருந்தது. அங்கே சின்ன வயதிலிருந்து காய்ச்சலோடு மல்லுக்கட்டி உயிர் தப்பியவர்களின் உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. நம்ம சனத்துக்கு அது இல்லை. வந்த கிருமிக்கு வீடு முழுக்கத் திறந்து கிடந்தது.

இன்னொன்று, பசி. உலகப் பொருளாதார மந்தத்தில் றப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்து, தொழிலாளர் பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட வருடங்கள் அவை. அதற்கு மேல் வரட்சி வயலையும் தின்றது. வெறும் வயிற்றில் வந்த காய்ச்சல் அது.

மருந்து என்றால் கொயினா. அது சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. 1880களில், கோப்பி அழிந்து தேயிலை முழுதாக வேரூன்றுவதற்கு முன், இதே இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்கள் உலகச் சந்தைக்குச் சின்கோனாவைக் கொட்டின. விலை விழுந்ததும் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து அதே தீவு கொயினாவுக்கு வெளிநாட்டைப் பார்த்து நின்றது.

பின் வாங்குப் பிள்ளைக்கான பதில்

80,000 பேரையும் ஒவ்வொருவராக இரத்தம் எடுத்துப் பரிசோதித்து எண்ணினார்களா? இல்லை. கிராமத்துப் பதிவாளர் வைத்தியர் அல்ல. வீட்டார் சொன்னதை எழுதினார். பெரியவர் என்றால் காய்ச்சல், குழந்தை என்றால் வலிப்பு. அந்த வரிகளை மட்டும் வைத்து மலேரியா எது என்று பிரிக்க முடியாது. அதனால் வில்லியம் ஃபார் செய்ததைத்தான் இங்கேயும் செய்ய வேண்டியிருந்தது. வழமைக்கு மேல் எத்தனை?

அந்தக் கணக்கை வகுப்பிலேயே போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். 1934இல் இலங்கையில் ஆயிரம் பேருக்கு 22.9 மரணம். இங்கிலாந்துக்காரன் 1848இல் கீறிய அந்த 23க்குச் சரியாக நெருங்கி. அவர்கள் ஆபத்து என்று சொன்ன இடம், நமக்குக் கிட்டத்தட்ட அன்றாட நிலைமை! 1935இல் அது 36.6. வித்தியாசம் 13.7. 1931 குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகை சுமார் 53 இலட்சம். பெருக்கினால் எழுபத்திரண்டாயிரத்துச் சொச்சம். 1934இன் கடைசி மாதங்களில் போனவர்களையும் சேர்த்தால், 80,000 எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்.

ஏறத்தாழ 66 பேருக்கு ஒருவர், முழு நாட்டுக்கும். ஆனால் யாழ்ப்பாணமும் கொழும்பும் நுவரெலியாவும் சேர்ந்த சராசரி அது. கேகாலைக் கிராமத்தில் சராசரி சாகவில்லை, ஆள்தான் செத்தது.

1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. நாலு தொட்டிலில் ஒன்றுக்கு மேல் காலி. இன்றைக்கு அது ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே. இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

பருப்பு மஹத்தயா

அரசாங்கம் தற்காலிக மருந்துச் சாலைகளைத் திறந்தது, கொயினா கொடுத்தது. அதோடு கொழும்பிலிருந்து சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் இந்தப் பக்கம் வந்தார்கள். டொக்டர் எஸ். ஏ. விக்ரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன போன்றவர்கள். மருந்து மட்டும் போதாது, உடம்பு தேற வேண்டும் என்று பருப்பும் மார்மைட்டும் பங்கிட்டார்கள். என். எம்முக்குப் 'பருப்பு மஹத்தயா' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1935 டிசம்பரில் இவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். 1936 தேர்தலில் ருவன்வெல்லை என். எம்மையும் அவிசாவளை பிலிப்பையும் அரசாங்க சபைக்கு அனுப்பின. கட்சி அரசியலைப் பற்றி நாங்கள் இங்கே பேச வரவில்லை. பசியை நோயின் பாதியாகப் பார்த்தவர்களைச் சனம் மறக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

எண் இறங்கிய கதையும் ஏமாந்த கதையும்

1946இல் ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்த மரணம் 1947இல் 14.3 ஆக இறங்கியது. வீடு வீடாக டீ.டீ.டீ. தெளித்த காலம். மருந்தா காரணம், அல்லது பங்கீட்டு அரிசியும் கிராமத்து வைத்தியசாலைகளும் மருத்துவிச்சிமாரும் காரணமா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். இரண்டுக்கும் பங்குண்டு என்பதே எங்கள் விளக்கம்.

1963இல் முழு நாட்டிலும் பதிவான மலேரியா நோயாளர்கள் வெறும் 17 பேர். நோய் ஒழிந்தது என்று தெளிப்பதைக் கைவிட்டார்கள். 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 17 என்ற எண் பொய்யல்ல. அதைப் பார்த்து அசந்து தூங்கியதுதான் பிழை. பிறகு பல பத்தாண்டு உழைப்பு. 2012 ஒக்டோபருக்குப் பிறகு வருடக்கணக்காக உள்ளூரில் தொற்றிய மலேரியா பதிவாகவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

சராசரி எதை மறைக்கும் என்பதற்குத் தோட்டத்து அனுபவம் ஒன்றும் இருக்கிறது. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் மாவும் அரிசியும் இல்லாமல் தோட்டங்களில் மரணம் பாய்ந்து ஏறியது. முழு நாட்டுக் கணக்கில் அது ஒரு சின்ன மேடாகத்தான் தெரியும். தோட்டத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் பட்டினி தெரிந்தது. மூத்தவர்கள் இன்றும் மரவள்ளிக்கிழங்கைப் பார்த்தால் அந்தக் கதையைத்தான் எடுப்பார்கள்.

நாம் செய்யக்கூடியது

ஒன்று. வீட்டில் நடக்கும் மரணத்தைத் தாமதிக்காமல் பதியுங்கள். நாம் ஜனாஸாவை அன்றைக்கே அடக்கிவிடுகிறோம், அது நம் கடமை. ஆனால் அடக்கியதோடு வேலை முடிந்தது என்று கிராம உத்தியோகத்தரிடம் போவதைத் தள்ளிப் போடுகிறோம். பிறந்து சில நாளில் போன பிள்ளை என்றால் பலர் பதிவதே இல்லை. அந்தப் பிள்ளை கணக்கில் இல்லாவிட்டால், அந்த லயத்துக்கோ அந்தத் தெருவுக்கோ மருத்துவிச்சி தேவை என்பதும் கணக்கில் வராது.

இரண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாடசாலைக்கு அறிவியுங்கள். ஒரே வரிசை லயத்திலிருந்து மூன்று பிள்ளைகள் வராவிட்டால், எங்கள் வரவுப் பதிவேடுதான் முதல் எச்சரிக்கை.

மூன்று. இன்றைக்கு நம்மைத் தேடி வருவது டெங்கும் எலிக்காய்ச்சலும். இரத்தினபுரிப் பக்கம் மூடாமல் விட்ட மாணிக்கக் குழிகளும், நம்ம கூரைப் பீலிகளும், றப்பர்ச் சிரட்டைகளும் தண்ணீர் பிடிக்கின்றன. சுகாதாரப் பரிசோதகர் வந்து கேள்வி கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் தண்டம் எழுத மட்டும் வரவில்லை, எண்ணவும் வருகிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் 1934-35 காய்ச்சலைப் பற்றி வாப்பும்மா, தாத்தா, அப்பாயி, அம்மாயி சொன்ன கதை ஏதும் இருந்தால், எந்த ஊர், எந்தத் தோட்டம், வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பழைய மரண அத்தாட்சிப் பத்திரம் பெட்டிக்குள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தவணையில் அந்தப் பிள்ளையும் அவளுடைய வகுப்பும் அவற்றை ஒரு கொப்பியில் எழுதப் போகிறார்கள்.

80,000 பேரையும் எழுத முடியாது. நம்ம ஊரில் ஞாபகத்தில் இருக்கிறவர்களையாவது எழுதுவோம்.

மரணித்த எல்லோருக்காகவும் துஆச் செய்யுங்கள்.