சீன அறை வாதம்

நிரலை இயக்குவதால் மட்டுமே ஒரு கணினிக்குப் புரிதலோ மனமோ வந்துவிடாது என்று நிறுவ முயலும் சிந்தனைச் சோதனை. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் சர்ல் 1980இல் 'பிஹேவியரல் அண்ட் பிரெய்ன் சயின்சஸ்' ஆய்விதழில் இதை வெளியிட்டார்.

சோதனை: சீனம் அறியாத ஒருவர் ஓர் அறைக்குள் இருக்கிறார். வெளியிலிருந்து சீன எழுத்தில் கேள்விகள் வருகின்றன. எந்தக் குறிக்கு எந்தக் குறியைத் திருப்பித் தருவது என்று கூறும் ஆங்கில விதிநூல் அவரிடம் உண்டு. அதன்படி அவர் தரும் விடைகள் சீனர் எழுதியவை போலவே அமைகின்றன. அவருக்கோ ஒரு சொல்லும் புரிவதில்லை. கணினியின் நிலையும் இதுவே என்றார் சர்ல். உரையாடலை வைத்தே இயந்திரத்தின் அறிவை மதிப்பிடலாம் என 1950இல் ஆலன் டூரிங் வகுத்த அளவுகோலை இது நேரடியாக எதிர்க்கிறது.

மறுப்புகள்: புரிதல் அந்த மனிதருக்கு இல்லாவிட்டாலும், விதிநூலும் அறையும் சேர்ந்த முழு அமைப்புக்கு உண்டு என்பது முதன்மையான மறுப்பு. அவர் விதிகளை எல்லாம் மனப்பாடம் செய்து அறையை விட்டு வெளியே வந்தாலும் சீனம் புரியாது என்பது சர்லின் பதில். கேமராவும் கைகால்களும் பெற்று உலகோடு உறவாடும் ரோபோவுக்குப் பொருள் விளங்கும் என்பது மற்றொரு மறுப்பு.

எல்லை: இயந்திரம் எதுவும் சிந்திக்காது என்று சர்ல் கூறவில்லை. மூளையும் ஓர் உயிரியல் இயந்திரமே. அதன் காரண ஆற்றல்களுக்கு நிகரானவற்றைப் பெற்ற செயற்கை அமைப்பு மனம் கொள்ளலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. பெரிய மொழி மாதிரிகள் சரளமாக உரையாடும் இக்காலத்தில், நடத்தை மட்டுமே நனவுக்குச் சான்றாகுமா என்ற இவ்வாதத்தின் கேள்வி நடைமுறை முக்கியத்துவம் பெற்றுள்ளது.