மலைக்குக் கீழே இருக்கிற கதை

1991ல் இலங்கையில் ஏறக்குறைய 24 கோடி கிலோ தேயிலை உற்பத்தியானது. அடுத்த வருசம் அது 18 கோடிக்கு விழுந்தது. முக்கிய காரணம் வறட்சி. தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனதும் 1992ல்தான் என்பதால், நம்மாட்கள் அந்த வருசத்தைப் பேசும்போது வறட்சி பின்னுக்குப் போய்விடுகிறது.

வறட்சியில் எல்லா மலையும் ஒரே மாதிரிக் காய்வதில்லை. பழைய விதைத் தேயிலை தாங்கும். வீ.பி. மலைதான் பெரும்பாலும் முதலில் வாடும். ஏன்?

1867ல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டது விதையிலிருந்து வந்த செடி. விதைச்செடிக்கு ஆணிவேர் உண்டு, நேரே கீழே போகும். வீ.பி. அப்படியில்லை. தாய்ச்செடியிலிருந்து ஒற்றை இலையோடு ஒரு துண்டு வெட்டி, தவறணையில் பையில் வைத்து வளர்ப்பார்கள். வருவது பக்கவேர்கள்தான், ஆணிவேர் கிடையாது.

1925ல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலை சென். கூம்ஸில் இருந்துகொண்டு நல்ல தாய்ச்செடிகளைத் தேடியது. முதலில் பார்த்தது கொழுந்தின் அளவை. அதில் நியாயம் இருக்கு: கொழுந்தை நிறுத்துப் பார்க்கலாம், வேரைப் பார்க்கணும்னா செடியையே தோண்டணும். சோளத்தை உயரமான குழாயில் வளர்த்து, சில வாரத்திலேயே கழுவி வேரின் ஆழத்தை அளந்துவிடலாம். தேயிலைக்கு வருசக்கணக்கில் காத்திருக்கணும். அதனால் பல ரகங்களின் குணம் மலையில் நட்ட பிறகு, மழை பொய்த்தபோதுதான் தெரிந்தது. ஒரே வரிசையில் வந்த டீ.ஆர்.ஐ. 2025 வறட்சியைத் தாங்குகிறது, 2023 தாங்குவதில்லை.

வேரை யாருமே பார்க்கலைன்னும் சொல்ல முடியாது. கவ்வாத்துக்கு முன் வேர்த்துண்டில் அயடீன் விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமானால் மாச்சத்து இருக்கு, வெட்டலாம். இல்லைன்னா செடிக்கு ஓய்வு. வறட்சி முடிந்து துளிர்க்கவும் அதே சேமிப்புத்தான் வேணும்.

ஆனால் நல்ல வேருக்கும் மண் வேணுமே! கோப்பிக் காலத்திலிருந்தே நம்ம சரிவுகளில் மேல்மண் கழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. மறுநடுகைக்கு முன் ஒன்றரை, இரண்டு வருசம் மானாவோ குவாத்தமாலாப் புல்லோ வளர்ப்பது அதற்காகத்தான். குவாத்தமாலா, சோளத்துக்குச் சொந்தக்காரப் புல். அதன் வேர் மண்ணைத் திறந்துவிடும். அந்த இரண்டு வருசம் அந்த மலையில் கொழுந்து இல்லை, வருமானமும் இல்லை. அதனால் இதைச் சுருக்கத்தான் நிர்வாகத்துக்கு ஆசை வரும்.

சுருக்கியதின் விலை காய்ச்சல் காலத்தில் பெரட்டுக்களத்தில் தெரியும். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர். எந்த ரகத்தை எந்த மண்ணில் நட்டார்கள் என்று செக்ரோலில் எழுதுவதில்லை.